பிரெஞ்சுக்கு அடியில் ஓடும் மொழி: பிராங்கோபோன் இலக்கியம் படிக்கத் தொடங்குபவருக்கு

ஒரு நாவல் இப்படித் தொடங்குகிறது: "மலிங்கே இனத்தவரான கோனே இப்ராஹிமா தலைநகரில் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது, அதையே மலிங்கே மொழியில் சொல்வதானால், அவர் ஒரு சின்னச் சளியைத் தாங்கவில்லை."

எழுதியவர் அமதூ குரூமா. மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்காரர். நாவல் பிரெஞ்சில் எழுதப்பட்டது. பிரெஞ்சில் சாவைச் சொல்ல 'மூரிர்' என்ற வினை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்த யாரும் அதைத்தான் எடுப்பார்கள். குரூமா அதை விட்டுவிட்டு 'ஃபினீர்' என்கிறார். அதற்கு முடிவது, முடிப்பது என்று பொருள். பாரிஸில் வளர்ந்த ஒருவர் இதைப் படித்தால், "முடித்தாரா? எதை முடித்தார்?" என்று அங்கேயே நின்றுவிடுவார். தமிழ்க் காதுக்கு அந்தத் தடங்கல் கிடையாது. காலமானார், தவறிவிட்டார், போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சாவைச் சாவு என்று சொல்லாமலே சொல்லிப் பழகியவர்கள் நாம். முதுகலை வகுப்பில் இந்த வரியை முதன்முறை படித்தபோது, பிரெஞ்சில் எழுதப்பட்ட ஒன்று எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் யாரோ பேசுவதுபோலக் கேட்டது எனக்கு.

அந்த நாவலின் தலைப்பைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'சுதந்திரங்களின் சூரியன்கள்' என்று வரும். மலிங்கே மொழியில் சூரியன், நாள், காலம் மூன்றுக்கும் ஒரே சொல். அதைத்தான் குரூமா பிரெஞ்சுச் சூரியனுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார். நம்மிடம் 'பொழுது' இருக்கிறது. பொழுது சாய்ந்தது என்றால் சூரியன். நல்ல பொழுது என்றால் நேரம். ஆக, அந்தத் தலைப்பு 'சுதந்திரப் பொழுதுகள்' என்று தமிழில் எளிதாக வந்து உட்காரும். பிரெஞ்சில் அது முள்போல உறுத்திக்கொண்டே இருக்கும். உறுத்தட்டும் என்றுதான் எழுதினார்.

பாரிஸ் பதிப்பகங்கள் முதலில் இதை ஏற்கவில்லை. 1968-இல் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், கனடாவின் மொந்த்ரேயால் பல்கலைக்கழக அச்சகம்தான் வெளியிட்டது. 1970-இல் பாரிஸின் செய் பதிப்பகம் அதை வாங்கி மறுபடி போட்டது. ஓர் ஆப்பிரிக்க நாவல் பாரிஸுக்குப் போக மொந்த்ரேயால் வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்தில் 'பிராங்கோபோன் இலக்கியம்' என்ற தாளில் நாம் படிப்பவை இந்த இரண்டும்தான்: பிரெஞ்சுக்கு அடியில் ஓடும் இன்னொரு மொழி, அந்தப் புத்தகம் வாசகனை வந்தடைய எடுத்துக்கொண்ட சுற்றுவழி.

பெயரும் அலமாரியும்

பிராங்கோபோன் என்றால் பிரெஞ்சு பேசுகிற என்று பொருள். 1880 வாக்கில் ஓனேசிம் ரெக்லு என்ற பிரெஞ்சுப் புவியியலாளர் 'பிராங்கோபோனி' என்ற சொல்லை உருவாக்கினார். உலக மக்களை இனம் பார்த்துப் பிரிக்காமல், பேசும் மொழியை வைத்துப் பிரிக்க நினைத்தவர் அவர். கூடவே பிரெஞ்சுப் பேரரசு விரிய வேண்டும் என்றும் விரும்பியவர். சொல் பிறந்தபோதே அதற்குள் இந்த இரண்டும் இருந்தன. பிறகு நெடுங்காலம் அது தூங்கியது. 1962-இல் 'எஸ்ப்ரி' இதழ் பிரெஞ்சு மொழிக்கென ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தபோது, செனகல் குடியரசுத் தலைவரும் கவிஞருமான செங்கோர் போன்றவர்கள் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1970-இல் நைஜரின் தலைநகர் நியாமேயில் பிரெஞ்சு பேசும் நாடுகளுக்கென ஓர் அமைப்பே தொடங்கப்பட்டது. அந்த அமைப்பின் 2022 அறிக்கைப்படி உலகில் பிரெஞ்சு பேசுவோர் 32 கோடியே 10 லட்சம் பேர். பிரான்சின் மக்கள்தொகை ஏழு கோடிக்கும் கீழே. அதாவது, பிரெஞ்சு பேசுகிறவர்களில் பெரும்பாலோர் பிரான்சுக்கு வெளியேதான் இருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்கக் கண்டத்தில்.

இதுவரை சிக்கல் எதுவும் இல்லை. அலமாரிக்குப் போனால்தான் சிக்கல்.

சாமுவேல் பெக்கெட் அயர்லாந்துக்காரர். யொனெஸ்கோ ருமேனியாவில் பிறந்தவர். இருவரும் பிரெஞ்சில் எழுதினார்கள். எந்தப் பிரெஞ்சு இலக்கிய வரலாற்றைத் திறந்தாலும் இருவரும் 'பிரெஞ்சு நாடகம்' அத்தியாயத்தில் இருப்பார்கள். கவிஞர் எமே செசேர் கரீபியக் கடலிலுள்ள மார்த்தினிக் தீவுக்காரர், பிறப்பிலேயே பிரெஞ்சுக் குடிமகன். மார்த்தினிக்கை பிரான்சின் ஒரு மாவட்டமாக ஆக்கிய 1946 சட்டத்தை நாடாளுமன்றத்தில் முன்வைத்துப் பேசியவரே அவர்தான். அவருடைய புத்தகமோ கடைகளில் பல சமயம் 'பிராங்கோபோன்' அலமாரியில் இருக்கும். அயர்லாந்துக்காரர் பிரெஞ்சு எழுத்தாளர், பிரெஞ்சுக் குடிமகன் பிராங்கோபோன் எழுத்தாளர். இந்தப் பாகுபாட்டின் அடியில் தோலின் நிறமும் காலனியின் நினைவும் இருக்கின்றன என்பதைப் பாடத்தின் முதல் வாரத்திலேயே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. பல பாடத்திட்டங்கள் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகின்றன. அதற்குள் மாணவர்கள் அந்த அலமாரியை இயற்கையான ஒன்றாக எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

தமிழில் படித்தவர்களுக்கு இன்னும் நெருக்கமான ஓர் உதாரணம் சொல்கிறேன். வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் காம்யுவின் 'அந்நியன்' நம்மில் பலர் படித்த நாவல். காம்யு அல்ஜீரியாவில் பிறந்து வளர்ந்தவர். கதை நடப்பதும் அங்கேதான். ஆனாலும் அவரை யாரும் பிராங்கோபோன் எழுத்தாளர் என்று சொல்வதில்லை. அந்த நாவலில் கடற்கரையில் வெயிலில் சுட்டுக் கொல்லப்படுபவனை நினைத்துப் பாருங்கள். அவன் பெயர் என்ன? 'அரேபியன்' என்பதற்கு மேல் எதுவும் நினைவுக்கு வராது, ஏனென்றால் நாவலில் அவனுக்குப் பெயரே இல்லை. 1942-இல் வெளிவந்த அந்தப் புத்தகத்துக்கு எழுபது ஆண்டுகள் கழித்து, அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவூத் ஒரு நாவல் எழுதினார். கொல்லப்பட்டவனின் தம்பி, வயதான காலத்தில் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து கதை சொல்கிறான். அண்ணனுக்கு மூசா என்று பெயர் இருந்தது என்கிறான். 2013-இல் அல்ஜியர்ஸில் வெளியாகி, அடுத்த ஆண்டு பிரான்சில் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். முதல் நாவல் இனி பழையபடி படிக்கக் கிடைக்காது.

பிரெஞ்சு அங்கே எப்படிப் போனது

பிராங்கோபோன் என்ற ஒரே கூடைக்குள் வெவ்வேறு வரலாறுகள் கிடக்கின்றன. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் பிரெஞ்சு யாரும் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய மொழி அல்ல, அங்கேயே வேர்விட்டது. 1911-இல் நோபல் பரிசு பெற்ற மேத்தர்லிங்க் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துக்காரர். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் குடியேறிகளின் மொழியாக வந்து, பிறகு ஆங்கிலேயர் ஆட்சியில் இரண்டாம்தர மொழியாகத் தாழ்ந்து, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போராடியது. ஹைட்டியில் அடிமைகள் புரட்சி செய்து 1804-இல் விடுதலையை அறிவித்தபின்னும் எசமானர்களின் மொழி தங்கிவிட்டது.

ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் அது பள்ளிக்கூடம் வழியாக நுழைந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தை அறியாமல் இந்த இலக்கியத்தில் பாதி புரியாது. "நம் மூதாதையர் கோல் இனத்தவர்" என்று, பிரான்சின் பழங்குடிகளைச் சொல்லித் தொடங்கும் பிரான்சின் வரலாற்றுப் பாடம் காலனிக் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுக்கப்பட்டது. வகுப்பில் தாய்மொழி பேசி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கழுத்தில் 'சேம்போல்' எனும் ஓர் அடையாளப் பொருளை மாட்டுவார்கள். அடுத்து யாராவது தாய்மொழி பேசினால் அதை அவன் கழுத்துக்கு மாற்றிவிடலாம். ஆகவே பிள்ளைகளே ஒருவரையொருவர் ஒட்டுக் கேட்கத் தொடங்குவார்கள். பிரான்சுக்குள்ளேயே பிரெத்தோன் மொழி பேசிய பிரெத்தாஞ் பகுதிப் பிள்ளைகளுக்கும் இதே தண்டனை இருந்தது. தமிழ் பேசினால் அபராதம் என்ற பள்ளிகளில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவை இருக்காது.

இந்தப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் 1930-களில் பாரிஸில் சந்தித்துக்கொண்டார்கள். மார்த்தினிக்கிலிருந்து செசேர், செனகலிலிருந்து லியோபோல்ட் சேதார் செங்கோர், தென்னமெரிக்கக் கரையிலுள்ள பிரெஞ்சு கயானாவிலிருந்து லியோன் தமாஸ். மூன்று மூலைகளில் பிறந்து, ஒரே பாடப்புத்தகத்தைப் படித்து வளர்ந்த மூன்று மாணவர்கள். 1935-இல் 'கறுப்பு மாணவன்' என்ற சிறு இதழ் நடத்தினார்கள். 'நேக்ர்' என்பது பிரெஞ்சில் கறுப்பரைத் திட்டும் சொல். அந்த வசைச்சொல்லையே எடுத்து, 'நெக்ரித்யூட்' என்று பெருமைக்குரிய பெயராக்கினார் செசேர். 1939-இல் 'வொலொந்தே' என்ற இதழில் அவருடைய நெடுங்கவிதை வந்தது: தாய்நாட்டுக்குத் திரும்பிப் போகிறவனின் குறிப்பேடு. ஊர் திரும்புவது என்றால் ஏக்கமும் பாசமும் என்று எதிர்பார்த்துப் போனால், முதல் பக்கத்திலேயே அழுக்கும் பசியும் வாயடைத்துக் கிடக்கும் ஒரு கூட்டமும் எதிரே நிற்கும். 1948-இல் செங்கோர் கறுப்புக் கவிஞர்களின் தொகைநூல் ஒன்றைக் கொண்டுவந்தார். பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்ர் அதற்கு முன்னுரை எழுதினார்.

இந்த மூவரோடு கதையை முடித்துவிடுவது வழக்கம். முடிக்கக் கூடாது. அவர்களுக்கு முன்பே மார்த்தினிக்கைச் சேர்ந்த நர்தால் சகோதரிகள் பாரிஸின் புறநகரான க்லமாரில் தங்கள் வீட்டு வரவேற்பறையில் கறுப்பு எழுத்தாளர்களைக் கூட்டினார்கள். மூத்தவரான போலெத் நர்தால் முன்னின்று 1931-இல் 'கறுப்புலக இதழ்' என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலுமாக ஓர் இதழைத் தொடங்கி நடத்தினார். அதற்கும் பத்தாண்டுகளுக்கு முன், 1921-இலேயே, ரெனே மரான் என்ற கறுப்பு எழுத்தாளர் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசை வாங்கிவிட்டார். அவர் மத்திய ஆப்பிரிக்காவில் காலனி அதிகாரியாக வேலை பார்த்தவர். தன் நாவலின் முன்னுரையில் அந்த ஆட்சியையே சாடியிருந்தார். பாரிஸ் பரிசு கொடுத்த அந்தப் புத்தகத்தை ஆப்பிரிக்கக் காலனிகளில் விற்கத் தடை விதித்தார்கள்.

அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு

இந்தத் துறையில் எனக்கு மிக நெருக்கமான இரண்டு காட்சிகளைச் சொல்ல வேண்டும். இரண்டும் அல்ஜீரியாவில் நடப்பவை. இரண்டிலும் ஒரு தகப்பன் தன் பிள்ளையைப் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்புகிறார்.

முதலாவது ஆசியா ஜெபாருடையது. 1985-இல் வந்த அவருடைய நாவல், ஓர் இலையுதிர்காலக் காலையில் ஒரு சின்ன அரேபியப் பெண் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முதன்முறை பள்ளிக்கூடம் போவதில் தொடங்குகிறது. அப்பா பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். அந்த ஊரில் அவள் வயதுப் பெண்கள் சீக்கிரமே நான்கு சுவருக்குள் போய்விடுவார்கள். அவளுக்கு மட்டும் பிரெஞ்சு ஒரு வாசலைத் திறந்துவிட்டது. ஆனால், அதே மொழியில்தான் 1830-இல் அல்ஜியர்ஸைப் பிடித்த படை தன் அறிக்கைகளை எழுதியது. ஜெபார் அந்த அறிக்கைகளைத் தேடி எடுத்துப் படிக்கிறார். 1845-இல் தாஹ்ரா மலையின் குகைகளுக்குள் ஒளிந்துகொண்ட ஊலத் ரியா குலத்தாரை, குகைவாயில் தீமூட்டிப் புகையாலேயே கொன்றான் பெலிசியே என்ற தளபதி. நடந்ததை மறைக்காமல் அறிக்கையாகவும் எழுதி அனுப்பினான். அந்தக் கொலைகாரனுக்கு நன்றி சொல்லத் துணிகிறேன் என்கிறார் ஜெபார். அவன் எழுதியிராவிட்டால், செத்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட மிஞ்சியிருக்காது. இந்தப் பக்கங்களை நான் எத்தனை முறை வகுப்பில் படித்துக்காட்டினாலும், படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள்.

இரண்டாவது கத்தேப் யாசினுடையது. அவருடைய அப்பா அவரைப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்ததை, ஓநாயின் வாய்க்குள் அனுப்பியது என்று எழுதுகிறார். பையன் அங்கே நன்றாகப் படிக்கிறான். வீட்டில் அம்மா பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அரபு வாய்மொழியில் கதையும் கவிதையும் நாடகமும் சொல்லி அவனை வளர்த்தவள் அவள். மகன் தன்னைவிட்டு எங்கோ போவது தெரிகிறது. ஒருநாள் அவளே வந்து, எனக்கும் பிரெஞ்சு சொல்லிக்கொடு என்கிறாள். தொப்புள்கொடி இரண்டாம் முறை அறுந்தது அப்போதுதான் என்று அவர் பின்னாளில் எழுதினார். இதே கத்தேப்தான் பிரெஞ்சைப் 'போரில் கிடைத்த கொள்ளைப் பொருள்' என்றவர். எதிரியிடமிருந்து பறித்தது, இனி என்னுடையது, திருப்பித் தர மாட்டேன் என்று பொருள். 1956-இல் வந்த அவருடைய நாவல் வட ஆப்பிரிக்கப் பிரெஞ்சு எழுத்தின் உச்சங்களில் ஒன்று. 1970-களில் அவரே பிரெஞ்சை விட்டுவிட்டு, மக்கள் பேசும் அரபில் நாடகம் போடப் போய்விட்டார்.

ஒருவருக்கு வாசல், இன்னொருவருக்கு ஓநாய் வாய். 'காலனி மொழி நல்லதா கெட்டதா' என்று தேர்வில் ஒற்றை வரிப் பதில் எழுதத் துடிக்கும் மாணவர்களிடம் இந்த இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். இரண்டுமே உண்மை. ஒரே நாடு, ஒரே காலகட்டம், ஒரே மாதிரிப் பள்ளி. பிள்ளை ஆணா பெண்ணா என்பதிலேயே கணக்கு மாறிவிடுகிறது.

எந்தப் பிரெஞ்சு?

கியூபெக்கின் கனேடிய எழுத்தாளர் லீஸ் கோவென் இதற்கு ஒரு நல்ல கருத்து தந்திருக்கிறார். பிராங்கோபோன் எழுத்தாளருக்கு மொழியைப் பற்றி ஒரு மிகைவிழிப்பு உண்டு என்பார். பாரிஸ் எழுத்தாளர் காலையில் எழுந்ததும் எழுத உட்காரலாம். மற்றவர் முதலில், எந்தப் பிரெஞ்சில் எழுதுவது என்று முடிவெடுத்தாக வேண்டும்.

முடிவுகள் பலவிதம். 1968-இல் மொந்த்ரேயாலில் மிஷேல் திராம்ப்லேயின் ஒரு நாடகம் மேடையேறியது. ஓர் ஏழைக் குடும்பத் தலைவிக்கு, கொடுத்துப் பொருள் வாங்கிக்கொள்ளக்கூடிய பரிசு முத்திரைகள் பத்து லட்சம் விழுகின்றன. அவற்றைப் புத்தகங்களில் ஒட்ட, அக்கம்பக்கத்துப் பெண்களையும் சகோதரிகளையும் சமையலறைக்கு அழைக்கிறாள். வந்தவர்கள் ஒட்டிக்கொண்டே பொறாமையில் முத்திரைகளைத் திருடுகிறார்கள். பேச்சு முழுக்க 'ஜுவால்' எனப்படும் மொந்த்ரேயால் தொழிலாளர் கொச்சை. குதிரையைக் குறிக்கும் 'ஷெவால்' என்ற சொல்லை அந்த மக்கள் உச்சரிக்கும் விதமே அந்தக் கொச்சைக்குப் பெயராகிவிட்டது. இதையெல்லாம் மேடையில் பேசுவதா என்று ஊரே இரண்டுபட்டது.

மார்த்தினிக்கில் பிரச்சினை வேறு. அங்கே வீட்டிலும் வயலிலும் பேசுவது கிரியோல். அடிமைகளும் தோட்ட முதலாளிகளும் சேர்ந்து வாழ நேர்ந்த இடத்தில் பிறந்த மொழி அது. ரஃபாயேல் கோன்ஃபியான் முதலில் கிரியோலிலேயே நாவல்கள் எழுதினார். படிக்க ஆள் குறைவாக இருந்ததால் பிரெஞ்சுக்கு வந்தார். 1989-இல் அவரும் பத்ரிக் ஷமுவாசோவும் ழான் பெர்னபேயும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நாங்கள் ஐரோப்பியரும் அல்ல, ஆப்பிரிக்கரும் அல்ல, ஆசியரும் அல்ல, கிரியோல்கள் என்று அது தொடங்கியது. மூன்று ஆண்டுகளில் ஷமுவாசோவுக்குக் கோன்கூர் கிடைத்தது, ஓர் எண்ணெய் நிறுவனத்தின் இடத்தை ஒட்டி முளைத்த குடிசைப் பகுதியின் கதைக்காக. அந்த நாவலின் பிரெஞ்சு முழுக்கக் கிரியோலின் மூச்சு. பாரிஸ் வாசகனும் அங்கங்கே அடிக்குறிப்பைப் பார்த்துத்தான் நகர வேண்டும்.

இன்னும் சிலர் வேறு வழி பார்த்தார்கள். மார்சேய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியபடி எழுத்தாளரான செனகலின் செம்பேன் உஸ்மான், தான் யாருக்காக எழுதினாரோ அந்த மக்களில் மிகப் பலருக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது என்பதை உணர்ந்து சினிமா எடுக்கப் போனார். செனகல் மக்களின் வோலோஃப் மொழியில் பேசும் படங்கள் எடுத்தார்.

வகுப்பில் உண்மையில் என்ன நடக்கும்

பிரெஞ்சு மரபில் இலக்கியப் படிப்பின் அடிப்படைப் பயிற்சி 'எக்ஸ்ப்ளிகாசியோன் த தெக்ஸ்ட்'. ஒரு நாவலிலிருந்து இருபது, முப்பது வரிகளைப் பிய்த்தெடுத்துக் கையில் தருவார்கள். ஒவ்வொரு சொல்லும் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். நம் உரையாசிரியர்கள் செய்தது போன்ற வேலை. இந்தப் பயிற்சியில் தேறியவர்கள் பிராங்கோபோன் நூல்களுக்கு வரும்போது ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். வினோதமான ஒரு பிரயோகத்தைக் கண்டதும் 'பிழை' என்றோ 'உள்ளூர் மணம்' என்றோ எழுதிவிட்டு நகரக் கூடாது. குரூமாவின் 'முடிந்தார்' மாதிரி, அதற்கு அடியில் எந்த மொழி இருக்கிறது என்று தோண்டிப் பார்க்க வேண்டும். 2021-இல் தொடங்கிய 'பிராங்கோபோன்களின் அகராதி' என்ற இணைய அகராதி இதற்கு நல்ல துணை. ஒரு சொல் ஐவரி கோஸ்டின் அபிஜான் நகரில் என்ன பொருள் தரும், கியூபெக்கில் என்ன பொருள் தரும் என்று அதில் பார்க்கலாம்.

பிறகு, புத்தகத்தின் உடம்பைப் பாருங்கள். எந்த ஊரில் அச்சானது? அடிக்குறிப்புகள் உண்டா? உண்டென்றால் எந்தச் சொல்லுக்கு? ஒரு செனகல் நாவலில் உள்ளூர்ச் சாப்பாட்டுக்குக் குறிப்பு போட்டிருந்து, பாரிஸ் மெட்ரோ நிலையத்தின் பெயருக்குக் குறிப்பு போடாமல் விட்டிருந்தால், யாரை மனதில் வைத்து அச்சடித்தார்கள் என்று தெரிந்துவிடும். மரியாமா பாவின் புகழ்பெற்ற கடித நாவல் 1979-இல் செனகலின் தலைநகர் தாகாரிலேயே அச்சானது என்பதும், 2021-இல் கோன்கூர் வென்ற மொஹமத் இம்பூகர் சாரின் நாவலை ஒரு பாரிஸ் பதிப்பகமும் ஒரு செனகல் பதிப்பகமும் சேர்ந்து வெளியிட்டன என்பதும் வெறும் நூலகக் குறிப்புகள் அல்ல. பாரிஸ் முத்திரை இல்லாமல் ஒரு புத்தகம் நடமாட முடியுமா என்ற கேள்வியின் வரலாறு அதில் இருக்கிறது.

அந்தக் கேள்வி 2007-இல் வெடித்தது. அதற்கு முந்தைய ஆண்டின் பிரெஞ்சு இலக்கியப் பரிசுகளில் கோன்கூர் அமெரிக்காவில் பிறந்த ஜோனத்தன் லித்தலுக்கும், ரெனோதோ காங்கோவின் அலென் மபாங்கூவுக்கும், ஃபெமினா கனடாவில் பிறந்த நான்சி ஹூஸ்டனுக்கும் போயின. மார்ச் மாதத்தில் 44 எழுத்தாளர்கள் 'ல மோந்த்' நாளிதழில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நடுவில் பிரான்சு, ஓரத்தில் மற்றவர்கள் என்ற பிராங்கோபோனி முடிந்தது, இனி 'பிரெஞ்சில் எழுதப்படும் உலக இலக்கியம்' என்றார்கள். மார்த்தினிக்கின் க்லிஸ்ஸான், குவாதலூப்பின் மரீஸ் கோந்தே, மொரீஷியஸின் ஆனந்த தேவி எல்லாரும் கையெழுத்திட்டிருந்தார்கள். பிராங்கோபோனி அமைப்பின் தலைவராக இருந்த அப்து தியூஃப் அதே நாளிதழில் மறுப்பு எழுதினார். அறிக்கையில் சொன்ன நடுவம் எவ்வளவு நகர்ந்தது என்று கேட்டால், கொஞ்சம்தான் என்பேன். அறிக்கையே பாரிஸ் நாளிதழில், பாரிஸ் பரிசுகளைச் சாட்சி வைத்து வந்தது அல்லவா. ஆனாலும் அந்தக் கோபம் நியாயமானது. ஹைட்டியில் பிறந்து மொந்த்ரேயாலில் வாழும் தானி லாஃபெரியேர் இந்த முத்திரைகளில் சலித்துப்போய், 2008-இல் தன் நாவலுக்கு 'நான் ஒரு ஜப்பானிய எழுத்தாளர்' என்றே தலைப்பு வைத்தார்.

எங்கிருந்து தொடங்குவது

தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பிலும் கல்லூரியின் முதற்பகுதியிலும் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்தவர்கள் நிறைய. அது அடித்தளம், நாவல் படிக்க அது போதாது. டெல்ஃப் எனும் பிரெஞ்சு மொழித் தேர்ச்சித் தேர்வின் பி2 நிலையை எட்டினால் துணிந்து இறங்கலாம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சுத் துறை இருக்கிறது. டெல்லியின் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் துறையின் பெயரிலேயே பிரெஞ்சோடு பிராங்கோபோனும் இருக்கிறது. வெளிநாடு என்றால் பிரான்சை மட்டும் பார்க்காதீர்கள். மொந்த்ரேயால் இருக்கிறது, தாகார் இருக்கிறது. அமெரிக்காவில் இந்தத் துறை பிரான்சைவிட முன்னதாகவே வலுவாகக் காலூன்றியது: கோந்தே கொலம்பியா பல்கலைக்கழகத்திலும், ஜெபார் நியூயார்க் பல்கலைக்கழகத்திலும், க்லிஸ்ஸான் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்திலும் பாடம் நடத்தினார்கள்.

முதல் புத்தகமாக மரியாமா பாவை எடுங்கள். கணவனை இழந்து துக்கம் காக்கும் ஒரு பெண் தன் தோழிக்கு எழுதும் நீண்ட கடிதம். பிரெஞ்சு எளிமையானது, அளவும் சிறியது. அடுத்து குரூமா. செசேரின் கவிதையை மூன்றாவதாக வையுங்கள், சத்தமாகப் படியுங்கள். புரியாத சொற்கள் நிறைய வரும். பிரெஞ்சுக்காரர்களுக்கும் அப்படித்தான். கூடவே அந்தந்த நாட்டின் வரலாற்றை ஒரு பத்துப் பக்கமாவது படியுங்கள். 1954-இல் தொடங்கி 1962 வரை நடந்த அல்ஜீரியப் போரைப் பற்றித் தெரியாமல், ஜெபாரின் நாவலில் அந்தப் போரை நினைவுகூரும் கிழவிகள் எதைச் சொல்ல வருகிறார்கள் என்று பிடிபடாது.

இந்த வரைபடத்தில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். 1853-இல் 'ஒரேலி' என்ற கப்பல் இந்தியக் கூலிகளின் முதல் கூட்டத்தை மார்த்தினிக்கில் இறக்கியது. அடுத்த ஆண்டு இன்னொரு கரீபியத் தீவான குவாதலூப். அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கப்பலேறியவர்களில் தமிழர்கள் ஏராளம். அவர்களோடு போன மாரியம்மன் அங்கே 'மலியேமேன்' ஆனாள், மதுரைவீரன் 'மல்தெவிதான்' ஆனான், வேப்பிலை கிரியோலில் 'வேப்பெலே' ஆனது. கோன்ஃபியான் 2004-இல் இவர்களைப் பற்றியே ஒரு நாவல் எழுதினார்.

கடைசியாக ஒன்று. மடகாஸ்கரில் பிறந்து புதுச்சேரியில் வளர்ந்த அரி கோத்தியே 2018-இல் பிரெஞ்சில் ஒரு நாவல் வெளியிட்டார். புதுச்சேரியின் குருசுக்குப்பத்தில் நடக்கிறது. வீட்டு முன்னால் வழிப்போக்கர் உட்கார்ந்து கதை பேசும் அந்த இடத்துக்குப் பிரெஞ்சில் சொல் இல்லை. அதனால் அட்டையில் தமிழ்ச் சொல்லையே போட்டு, முன்னால் ஒரு பிரெஞ்சுச் சுட்டை வைத்தார்: 'ல திண்ணை'. பிரெஞ்சில் எந்தப் பொருளும் ஆண்பாலாகவோ பெண்பாலாகவோ இருந்தாக வேண்டும். 'ல' என்றால் ஆண்பால். புத்தகத்தை முதன்முறை கையில் எடுத்த என் மாணவி ஒருத்தி பக்கத்தைப் புரட்டாமல் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "திண்ணை ஆம்பளையா, சார்?"